பேண்டு வராவிட்டால் பெண் மீனா?

“துடுப்பில் ஒரு துணுக்கு போதும், சால்மன் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்” என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஆணிடம் மட்டும் இருக்கும் துண்டு அதில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. இருந்தால் ஜெல் என்ற கூழ்த்தகட்டில் ஒரு கோடு தெரியும், அதுதான் பேண்டு. அந்த ஒரு வரிக்கு மதுரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கரிமேட்டில் காலா மீனை ‘இந்தியன் சால்மன்’ என்று சொல்லித்தான் வாங்கிப் பழக்கம். அதற்கும் இந்தச் சோதனை செல்லுமா?
– வாசகி, ஆரப்பாளையம்

செல்லாது. காலாவுக்கு அது வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் நூலாக நாலு இழை தொங்குகிறதா பாருங்கள், அதுதான் காலா. உண்மையான சால்மனுக்கு அந்த இழை கிடையாது. அதற்குப் பதில் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத, சதைப்பற்றான ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். கொழுப்புத் துடுப்பு என்பார்கள். (கெளிற்று மீனுக்கும் அது உண்டு. அதை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.)

காலாவில் இந்தச் சோதனை செல்லாததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது சிறிதாக இருக்கும்போது ஆண், வளர்ந்த பிறகு பெண். கொடுவாயும் அப்படித்தான். கலவா நேர் எதிர், முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாகிறது. மாறுவதற்கு முன்னும் பின்னும் டிஎன்ஏ ஒன்றேதான் என்பதால் அதில் விடை தேடிப் பயனில்லை. வயிற்றைக் கிழித்துச் சினையா விந்துப்பையா என்று பார்ப்பதே வழி.

கடலில் திரிகிற மீன் ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன? இதற்கு இவ்வளவு செலவு தேவையா?
– வாசகர், மேலூர்

கண்மாய் ஏலம் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். கடலில் வளர்ந்த சினூக் சால்மன் (பசிபிக் சால்மனில் ஒரு இனம்) ஆயிரம், முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வந்தது என்பது அரைச் செய்தி. அதில் அறுநூறு பெண்ணா முந்நூறு பெண்ணா என்பதைப் பொறுத்து அடுத்த தலைமுறைக்கான முட்டை இரண்டு மடங்கு வித்தியாசப்படும். ஒரு பெண் சினூக் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எத்தனை மீனைப் பிடிக்க விடலாம் என்ற முடிவும் இதில்தான் தொங்குகிறது.

முட்டையிடும் காலம் நெருங்கியதும் ஆணுக்குத் தாடை கொக்கி போல வளையும், அப்போது கண்ணாலேயே சொல்லிவிடலாம். கடலில் இருக்கும்போதும், ஆற்று முகத்துவாரத்துக்கு வந்த புதிதிலும் இரண்டும் ஒரே வெள்ளி நிறம்தான். தேர்ந்த ஆட்களே தவறிப்போவார்கள். பழைய ஆய்வகங்களில் உறையில் போட்டு வைத்த செதில்களிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம் என்பது கூடுதல் வசதி. மீன் செத்துப் பல பத்தாண்டு ஆன பிறகும் அதன் பாலினத்தைக் கேட்கலாம்.

எந்த மரபணுவைப் பார்க்கிறார்கள்? அது என்ன வேலை செய்கிறது?
– பிளஸ் டூ உயிரியல் ஆசிரியை, திருமங்கலம்

நமக்கு இருப்பது போலவே சால்மனிலும் ஆணுக்கு எக்ஸ்–ஒய் குரோமோசோம், பெண்ணுக்கு எக்ஸ்–எக்ஸ். ஆனால் மனிதரின் ஒய் குட்டையானது, நுண்ணோக்கியிலேயே தெரிந்துவிடும். சால்மன் குடும்பத்தில் பெரும்பாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். ஆகவே ஒய்யில் மட்டும் இருக்கும் ஏதாவது ஒரு டிஎன்ஏ துண்டைப் பிடித்தாக வேண்டும்.

1991-இல் கனடாவில் சினூக் சால்மனின் ஒய்யில் அப்படி ஒரு துண்டு கிடைத்தது. ஓடிஒய்1 என்று பெயர். வளர்ச்சி ஹார்மோன் மரபணுவின் செயலிழந்த நகல் ஒன்றையும் அதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இரண்டுமே ஆண்தன்மையை உண்டாக்குகிற மரபணுக்கள் அல்ல, அதற்கு அக்கம்பக்கத்தில் இருப்பவை. “டீக்கடைக்கு எதிர்வீடு” என்று வழி சொல்வது போலத்தான். டீக்கடை இடம் மாறினால் வீடு தவறிப்போகும். தவறியும் போனது, அதைக் கீழே சொல்கிறோம்.

உண்மையான வீடு 2012-இல் கிடைத்தது. பிரான்சின் ரென் நகரில் உள்ள வேளாண் ஆய்வு நிறுவனத்தார் ரெயின்போ டிரவுட் மீனில் எஸ்டிஒய் என்ற மரபணுவைக் கண்டார்கள். நோய் எதிர்ப்பில் வேலை செய்யும் ஐஆர்எஃப்9 என்ற மரபணுவின் நகல் ஒன்று உருமாறி வந்தது அது. போலீஸ் வேலை பார்த்தவர் கல்யாணத் தரகராகிவிட்ட கதைதான். பெண்ணாக வளர வேண்டிய கருவில் ஃபாக்ஸ்எல்2 என்ற புரதம் பெண் ஹார்மோன் தயாரிப்பை முடுக்கிவிடும். எஸ்டிஒய் புரதம் போய் அதைப் பிடித்துக்கொள்கிறது. முடுக்கிவிட ஆள் இல்லாததால் சூலகம் உருவாகாமல் விந்தகம் உருவாகிறது. ஆண் டிரவுட்டில் அந்த மரபணுவைக் கெடுத்துப் பார்த்தபோது சூலகம் வளர்ந்தது. ஆகவே இது வெறும் அடையாளம் அல்ல, சுவிட்சே இதுதான்.

அடுத்த ஆண்டே குடும்பத்தின் மற்ற இனங்களிலும் தேடினார்கள். சால்மன், டிரவுட், சார் (char) என்ற மீன் வகைகளில் பெரும்பாலும் ஆணிடம் மட்டும் இருந்தது. ஒயிட்ஃபிஷ் எனப்படும் கிளையில் ஆண், பெண் இரண்டிலுமே இருந்தது. குடும்பம் ஒன்று என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இனத்துக்கும் இந்தச் சோதனையை நீட்டக்கூடாது.

நீலகிரி டிரவுட் துடுப்புத் துண்டுகளை எடுத்து மதுரைக்குக் கொண்டுவந்து இந்தச் சோதனையைச் செய்து பழகப் போகிறோம். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் போதுமா? எவ்வளவு வெட்ட வேண்டும்?
– எம்.எஸ்ஸி. மாணவி, நாகமலை புதுக்கோட்டை

நல்ல தேர்வு. காட்டுச் சால்மன் நமக்குக் கிடைக்காது. ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரி நீரோடைகளில் கொண்டுவந்து விட்ட டிரவுட் அதே குடும்பம். எஸ்டிஒய் முதலில் கிடைத்த இனமும் அதுதான்.

மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் போதாது. அதில் தண்ணீர் அதிகம், வேறு சேர்மானமும் இருக்கும். ஆய்வகத் தர எத்தனால், 95 சதவீதமோ அதற்கு மேலோ வேண்டும். ஃபார்மலினைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அதில் ஊறிய துண்டின் டிஎன்ஏ நொறுங்கிவிடும்.

உடைத்த உளுந்து அளவு போதும், அதாவது 3 மி.மீ. ‘நிறைய எடுத்தால் நல்லது’ என்று பெரிய துண்டாகத் திணிப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கிற தவறு. திசுவில் உள்ள தண்ணீர் இறங்கி எத்தனாலை நீர்க்க வைத்துவிடும். திசு ஒரு பங்கு என்றால் எத்தனால் பத்துப் பங்கு. 1.5 மி.லி. குழாயில் 1 மி.லி. ஊற்றி உளுந்தளவுத் துண்டைப் போட்டால் கணக்கு தாராளமாகச் சரியாகும். மறுநாள் அந்த எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

வால் துடுப்பின் மேல் நுனியில் வெட்டுங்கள். மீன் பிழைத்துக்கொள்ளும், துடுப்பும் வளரும். கொழுப்புத் துடுப்பை வெட்டுவது சுலபம்தான். ஆனால் அமெரிக்காவின் பசிபிக் கரையில் பண்ணைக் குஞ்சுகளுக்கு அடையாளமாக அந்தத் துடுப்பைத்தான் நறுக்கி விடுகிறார்கள். காட்டு மீனில் அதை நறுக்கினால் பிறகு பிடிப்பவர் பண்ணை மீன் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். அந்தப் பழக்கம் இங்கேயும் வேண்டாம்.

குழாயின் மேல் மார்க்கரால் எழுதாதீர்கள். ஒரு சொட்டு எத்தனால் பட்டால் எண் அழிந்துவிடும். சிறு காகிதத் துண்டில் பென்சிலால் எண் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரையும், பென்சில் கரையாது.

எல்லா மீனையும் ஒரே வாளியில் போட்டிருந்தால் ஒன்றின் வழுவழுப்பு மற்றதன் மேல் இருக்கும். அதில் ஆணின் டிஎன்ஏவும் இருக்கும். வெட்டும் முன் வால் நுனியைச் சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் இடையில் கத்தரிக்கோலை நீர்த்த பிளீச்சில் முக்கித் துடைத்து, தண்ணீரில் அலசிவிட்டு வெட்டுங்கள்.

மூடி இறுக்கமாக இருந்தால் மதுரை வெயிலில்கூட ஒரு வாரம் தாங்கும், ஐஸ் பெட்டி கட்டாயமில்லை. நேரடி வெயிலும் தீப்பொறியும் ஆகாது. எத்தனால் கிடைக்காவிட்டால் துண்டை வடிதாளில் மடித்து நன்றாகக் காயவைத்துக் கொண்டுவரலாம். ஆனால் ஊட்டிப் பனியில் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தால் எடுத்ததெல்லாம் வீண். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள்.

டிஎன்ஏ எடுக்கச் செலவு குறைந்த வழி செலெக்ஸ், அதாவது உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொடிப் பிசின் மணிகள். துண்டை வெளியே எடுத்து டிஷ்யூ தாளில் பத்து நிமிடம் காயவிடுங்கள், எத்தனால் மிச்சம் இருந்தால் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டை மட்டும் பல மடங்கு பெருக்கும் முறை) ஓடாது. 5 சதவீத செலெக்ஸ் கரைசல் 200 மைக்ரோலிட்டர், 20 மி.கி./மி.லி. புரோட்டினேஸ் கே (புரதத்தைச் சிதைக்கும் நொதி) 10 மைக்ரோலிட்டர் சேருங்கள். 55 டிகிரியில் மூன்று மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. பிறகு 95 டிகிரியில் பத்து நிமிடம். சுழற்றிவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். அடியில் உள்ள மணி ஒன்று பிப்பெட் நுனியில் ஏறினாலும் அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பிசிஆரை நிறுத்திவிடும்.

ஜெல்லில் 24 மாதிரியிலும் 18எஸ் பேண்டு பளிச்சென்று வருகிறது. எஸ்டிஒய் பேண்டு ஒன்றுக்கும் வரவில்லை. எல்லாமே பெண் என்று எழுதிவிடலாமா?
– ஆராய்ச்சி மாணவர், திருப்பரங்குன்றம்

எழுதாதீர்கள். இந்தச் சோதனையின் பலவீனமே இங்கேதான் இருக்கிறது. ஆண் என்பதற்குச் சாட்சி உண்டு, பேண்டு வருகிறது. பெண் என்பதற்குத் தனிச் சாட்சி கிடையாது. பேண்டு வரவில்லை என்பதையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். கெட்டுப்போன மாதிரியும் அதே மாதிரிதான் தெரியும்.

மாதிரி கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தானே, ஆண், பெண் இரண்டிலும் இருக்கும் 18எஸ் மரபணுவைக் கட்டுப்பாடாக வைத்தோம் என்பீர்கள். பலர் ஏமாறுவது அந்த இடத்தில்தான். 18எஸ் மரபணு ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான நகல்களாக இருக்கிறது. எஸ்டிஒய் ஒரே ஒரு நகல். டிஎன்ஏ சொற்பமாகவும் நைந்தும் இருந்தால்கூட 18எஸ் பளிச்சென்று வந்து நிற்கும், எஸ்டிஒய் வராது. பந்தியில் சாதம் இருக்கிறது என்பதற்காகப் பாயசமும் இருக்கும் என்று சொல்ல முடியுமா? ஒரே நகல் உள்ள வேறொரு மரபணுவைக் கட்டுப்பாட்டுக்கு வையுங்கள். அதன் துண்டு எஸ்டிஒய் துண்டைவிட நீளமாக இருக்கும்படி பிரைமரை (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ இழை) தேர்ந்தெடுங்கள். நைந்த டிஎன்ஏவில் நீளமானது முதலில் தோற்கும். நீளமானதே வந்து, எஸ்டிஒய் வரவில்லை என்றால் அந்த ‘பெண்’ணை நம்பலாம்.

இப்போது கையில் இருக்கும் 24 மாதிரிக்கு: வயிற்றைக் கிழித்து விந்துப்பையைக் கண்ணால் பார்த்த ஒரு ஆணின் டிஎன்ஏவை அதே பிசிஆரில் ஓட்டுங்கள். அதற்கும் பேண்டு வரவில்லை என்றால் தவறு பிரைமரிலோ வெப்பநிலையிலோ இருக்கிறது. பலமுறை உறைய வைத்து உருக்கிய பிரைமரை நம்பாதீர்கள், சிறு பங்குகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாக இறக்கிப் பாருங்கள். தெரிந்த ஆணுக்கு மட்டும் வருகிறதென்றால் மாதிரி டிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். தடுப்புப் பொருள் ஏதும் கலந்திருந்தால் நீர்த்ததும் பேண்டு எழுந்து வரும். அப்போதும் வராதவற்றைப் புதிதாக டிஎன்ஏ எடுத்து இரண்டாவது முறையும் சோதித்த பிறகே பெண் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் மாதிரி பண்ணை மீனா? டிரவுட் பண்ணைகள் பெண் முட்டைகளை மட்டுமே வாங்கி வளர்ப்பது உலகமெங்கும் உண்டு. பெண் குஞ்சுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்து ஆணாக்குவார்கள். அதன் விந்தில் எக்ஸ் மட்டுமே இருக்கும், பிறப்பதெல்லாம் பெண். அப்படியானால் உங்கள் 24-ம் உண்மையிலேயே பெண்ணாக இருக்கலாம். எங்கிருந்து வந்த முட்டை என்று கேளுங்கள்.

நேர்மாறாக எல்லாமே ஆண் என்று வந்தால், டிஎன்ஏ சேர்க்காத வெறும் தண்ணீர்க் குழாயை முதலில் பாருங்கள். அதிலும் பேண்டு இருந்தால் மாசு.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பெண் சால்மன்களில் பெரும்பாலானவை ஆணாகப் பிறந்து மாசினால் பெண்ணாக மாறியவை என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், உசிலம்பட்டி

செய்தியில் பாதி உண்மை. 2001-இல் வெளியான ஆய்வு அது. கொலம்பியா ஆற்றின் ஹான்ஃபர்ட் பகுதியில் பிடித்த பெண் சினூக் மீன்களில் 84 சதவீதத்திடம் ஓடிஒய்1, அதாவது ஆணுக்குரிய அடையாளத் துண்டு, இருந்தது. சினை இருக்கிறது, ஆனால் ஒய் அடையாளமும் இருக்கிறது. மாசோ வெப்பமோ பாலினத்தை மாற்றியிருக்கலாம் என்பது அப்போது முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. அது உண்மையானால் கவலைப்பட வேண்டியதுதான். எக்ஸ்–ஒய் பெண்ணும் எக்ஸ்–ஒய் ஆணும் சேர்ந்தால் ஒய்–ஒய் குஞ்சுகளும் பிறக்கும், போகப் போக ஆண் பெருகும்.

கலிஃபோர்னியாவிலும் இதேபோலப் பெண் மீன்கள் கிடைத்தன. 2008-இல் அவற்றின் குரோமோசோமை ஆராய்ந்தபோது, அடையாளத் துண்டு மட்டும் தன் பழைய இடத்தை விட்டு நகர்ந்திருந்தது தெரிந்தது. மீன் பாலினம் மாறவில்லை. மேலே சொன்ன டீக்கடைதான் இடம் மாறியது. அதற்குப் பிறகு ‘பாலினம் மாறிவிட்டது’ என்று சொல்வதற்கு முன் அடையாளம் நகர்ந்ததா என்று பார்ப்பது வழக்கமாயிற்று.

எஸ்டிஒய்யே சுவிட்ச் என்பதால் இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டதா என்றால், முழுக்கத் தீரவில்லை. அட்லாண்டிக் சால்மனில் சில பெண்களிடம் எஸ்டிஒய்யின் செயலற்ற நகல் வேறொரு குரோமோசோமில் இருப்பதை 2020-இல் காட்டினார்கள். பிரைமருக்குச் செயல்படும் நகல், செயலற்ற நகல் என்ற பேதம் தெரியாது, ஒட்டிக்கொண்டு பேண்டைக் கொடுத்துவிடும். மரபணுவின் ஒரே இடத்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று இடங்களைப் பார்ப்பது நல்லது.

நூற்றுக்கு எத்தனை சரியாக வரும்? எப்படிக் கண்டுபிடிப்பது?
– புள்ளியியல் ஆசிரியர், சோழவந்தான்

எந்த ஆற்று மீனோ அந்த ஆற்றிலேயே கண்டுபிடிக்க வேண்டும். வேறு ஆற்றில் வந்த சதவீதத்தைக் கடன் வாங்க முடியாது. வயிறு கிழித்துப் பார்த்த மீன்களைச் சோதனைக்கு விட்டு ஒப்பிடுங்கள். 30 பெண்ணில் ஒரு தவறுகூட வரவில்லை என்று துள்ள வேண்டாம். தவறு பூஜ்யம் என்றால் 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுங்கள். 30-க்கு 10 சதவீதம் வரையும், 100-க்கு 3 சதவீதம் வரையும் தவறு ஒளிந்திருக்க இடமுண்டு. ஆணுக்குத் தனியாக, பெண்ணுக்குத் தனியாகப் பாருங்கள். இரண்டு தவறும் ஒரே அளவில் இருக்காது.

அளவு தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம். ஆணில் 98 சதவீதம் ஆண் என்று வருகிறது, பெண்ணிலும் 6 சதவீதம் தவறாக ஆண் என்று வருகிறது என்று வையுங்கள். ஆற்று மீனில் 55 சதவீதம் ஆண் என்று சோதனை சொன்னால், 55-இல் 6-ஐக் கழித்தால் 49. 98-இல் 6-ஐக் கழித்தால் 92. 49-ஐ 92-ஆல் வகுத்தால் சுமார் 53 சதவீதம். உண்மையான ஆண் பங்கு அது.

சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்து வரும் சால்மன் துண்டில் பார்க்க முடியுமா?
– வாசகி, கே.கே. நகர்

முடியும். தசையிலும் அதே டிஎன்ஏதான். டப்பாவில் அடைத்து வேகவைத்ததில் டிஎன்ஏ பொடிப்பொடியாகியிருக்கும், மிகச் சிறிய துண்டைப் பெருக்கும் பிரைமர் இருந்தால்தான் கிடைக்கும். ருசியில் வித்தியாசம் தேடுகிறீர்கள் என்றால் பிசிஆர் செலவுக்கு இன்னும் இரண்டு கிலோ மீன் வாங்கிவிடலாம்.

பண்ணைக்குட்டையில் ஜிலேபிக் கெண்டை விட்டிருக்கிறேன். ‘எல்லாம் ஆண் குஞ்சு’ என்று சொல்லி விற்றார்கள். நாலு மாதத்தில் குட்டை முழுக்கப் பொடிக் குஞ்சு. அடுத்த முறை வாங்கும்போது இந்த டிஎன்ஏ சோதனையால் பிடிக்க முடியுமா?
– விவசாயி, வாடிப்பட்டி

முடியாது. எஸ்டிஒய் சால்மன் குடும்பத்துச் சொத்து, ஜிலேபியில் கிடையாது. ஜிலேபிக்கென்றே வேறு அடையாளங்கள் உண்டு. இருந்தும் உங்களுக்கு அவை உதவா. ஆண் குஞ்சு என்று விற்பவை பெரும்பாலும் ஹார்மோன் கொடுத்து ஆணாக்கியவை. பிறந்ததும் சாப்பிடத் தொடங்கும் குஞ்சுக்கு, கிலோ தீவனத்துக்கு 60 மி.கி. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்து 21 முதல் 28 நாள் கொடுப்பார்கள். அவற்றில் பாதி டிஎன்ஏவில் பெண்ணாகவே இருக்கும், உடம்பு மட்டும் ஆணாக இருக்கும். டிஎன்ஏ பார்த்தால் பாதிக்குப் பாதி பெண் என்றுதான் வரும். உங்களுக்கு வேண்டியது வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது.

மீன் 40, 50 கிராம் ஆனதும் ஈரத்துணியில் மல்லாக்கப் பிடித்து ஆசனவாய்ப் பக்கம் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துவாரம். பெண்ணுக்கு மூன்று, நடுவில் இருப்பது குறுக்கே கீறினாற்போல இருக்கும். மெத்திலீன் புளூ ஒரு சொட்டு தடவினால் கீறல் எடுப்பாகத் தெரியும். அந்த அளவில் பிடித்துப் பெண்ணைக் கழித்துவிட்டால் குட்டை தப்பும்.

குஞ்சிலேயே பார்க்க வேண்டுமானால் 4, 5 செ.மீ. வரை தொட்டியில் வளர்த்து, பல இடத்தில் வலை போட்டு 100 குஞ்சு எடுங்கள். ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். பள்ளி நுண்ணோக்கியே போதும். 100 மி.லி. 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் அரை கிராம் கார்மைன் போட்டு, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டிக்கொள்ளுங்கள். குஞ்சின் வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிட்டால், காற்றுப்பைக்குக் கீழே இரண்டு பக்கமும் மயிரிழை போல ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இனப்பை. இடுக்கியால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயம் இரண்டு சொட்டு விட்டு, மேலே கண்ணாடி வில்லை வைத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். 100 மடங்கில் வட்ட வட்டமாக, நடுவில் உட்கருவோடு தெரிந்தால் முட்டைச் செல், அதாவது பெண். பொடி மணல் போல இருந்தால் ஆண். நூற்றில் ஒரு பெண்கூட இல்லை என்றாலும் சோழவந்தான் ஆசிரியருக்குச் சொன்ன கணக்கு இங்கேயும் உண்டு, 3 சதவீதம் வரை இருக்கலாம். ஒரே இனப்பையில் மணலும் வட்டமும் கலந்திருந்தால் மருந்துத் தீவனம் எல்லாக் குஞ்சுக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எத்தனை நாள் கொடுத்தார்கள், எந்த அளவுக் குஞ்சிலிருந்து தொடங்கினார்கள் என்று விற்றவரிடம் கேளுங்கள்.